ரசீதுக்காகத் தந்த முகவரி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவருகைக் காலத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கள் பங்கின் எல்லைக்குள், குடிப்பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்கான இல்லம் ஒன்றை அருட்சகோதரிகள் நடத்தி வருகிறார்கள். நலவிரும்பிகள் தரும் நன்கொடையில்தான் அங்கே அடுப்பு எரிகிறது. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் வேண்டுகோளை அச்சடித்து, உறையில் இட்டு, தபால்தலை ஒட்டி அனுப்புவது எங்கள் பங்கு உதவிக் குழுவின் வேலை. செலவு ஏறிக்கொண்டே போனதால், அந்த ஆண்டு மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று முடிவாயிற்று.

கணினி தெரிந்த இளைஞர் ஒருவர் ஆர்வத்தோடு முன்வந்தார். இல்லத்தின் ரசீதுப் புத்தகங்களில் இருந்த முகவரிகள், ஆலய ஜூபிலிக்குப் பதிவு செய்தவர்களின் முகவரிகள், மறைக்கல்விப் பெற்றோரின் முகவரிகள் என்று எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் சேர்த்தார். எங்களுக்கு அது பெரிய சாதனையாகத் தெரிந்தது. ஒரே நாளில் சில நூறு பேருக்கு ஒரே மடல் போயிற்று. முகவரிகள் அத்தனையும் 'பெறுநர்' என்ற இடத்திலேயே இருந்தன. அதாவது, மடல் கிடைத்த ஒவ்வொருவரும் மற்ற எல்லாருடைய பெயரையும் முகவரியையும் பார்க்க முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். வேறு ஊர்க்காரர். அவருடைய தம்பி அந்த இல்லத்தில் தங்கிக் குணமடைந்தவர். நன்றியாக ஆண்டுதோறும் ஒரு தொகை அனுப்புவார். யாரிடமும் சொன்னதில்லை. தம்பிக்குத் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண் வீட்டாரில் ஒருவருக்கும் எங்கள் மடல் போயிருந்தது. 'இந்த இல்லத்துக்கு நீங்கள் ஏன் பணம் அனுப்புகிறீர்கள்?' என்று அங்கிருந்து கேள்வி வந்துவிட்டது. அவர் எங்களிடம் சத்தம் போடவில்லை. "சாமி, நான் அந்த முகவரியை ரசீதுக்காகத்தானே கொடுத்தேன்?" என்று மட்டும் கேட்டார்.

எங்களிடம் பதில் இல்லை. மறை மாவட்டத்தில் அறப்பணிக் குழுக்களை நடத்தும் அன்பர்களுக்கு, அந்தக் கேள்வியிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

முகவரிகள் வெளியே தெரிந்தது கைப்பிழை. மறைநகல் என்ற இடத்தில் முகவரிகளை இட்டிருந்தால், அல்லது ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மடல் போகும்படி செய்திருந்தால், அது நடந்திருக்காது. ஆனால் அவருடைய கேள்வி அதைவிட ஆழமானது. முகவரிகள் மறைந்தே போயிருந்தாலும், ரசீதுக்காகக் கொடுத்ததை வேண்டுகோளுக்காகப் பயன்படுத்த எங்களுக்கு உரிமை இருந்ததா என்பதுதான் அது.

திருச்சபைச் சட்டம் பயின்றவர்களுக்கு இது புதிய சிந்தனை அல்ல. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1267-ஆம் சட்டத்தின் மூன்றாம் பகுதி, நம்பிக்கையாளர்கள் ஒரு குறிப்பிட்ட நோக்கத்திற்காகத் தரும் காணிக்கையை அந்த நோக்கத்திற்கு மட்டுமே செலவிட வேண்டும் என்கிறது. கோபுரம் கட்டத் தந்த பணத்தில் பங்கு இல்லத்திற்கு வெள்ளையடித்தால் பங்குப் பேரவையில் எத்தனை பேர் எழுந்து நிற்பார்கள் என்பது நமக்குத் தெரியும். பணத்திற்கு இவ்வளவு கவனம் செலுத்தும் நாம், அதே கையால் அதே மனிதர் எழுதிக் கொடுத்த முகவரியை மட்டும் பொதுச்சொத்து போல நடத்துகிறோம். முகவரியும் ஒரு நோக்கத்திற்காகத் தரப்பட்டதுதான். அதே தொகுப்பின் 220-ஆம் சட்டம், ஒருவருடைய நற்பெயரைக் கெடுக்கவோ, தன் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள அவருக்குள்ள உரிமையை மீறவோ எவருக்கும் அனுமதியில்லை என்கிறது. அந்த ஒரு மடலால் நாங்கள் இரண்டையும் செய்துவிட்டோம்.

'ஆனாலும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லையே' என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

திருமணத் திருப்பலியில் நாம் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். மணமக்கள் மாலையோடு பீடத்தின் முன் வந்து நிற்கிறார்கள். பத்திரிகை அடித்தாயிற்று, பந்தி தயாராகிவிட்டது, ஊரே கூடியிருக்கிறது. இருந்தாலும் குருவானவர் விடுவதில்லை. முழு மனச்சுதந்திரத்தோடு வந்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். கூச்சத்தால் தலையை மட்டும் அசைக்கும் மணப்பெண்ணிடம், "வாய் திறந்து சொல்லம்மா" என்று நாங்களே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். இருவரின் சம்மதமே திருமணத்தை உருவாக்குகிறது என்பது 1057-ஆம் சட்டம். அச்சத்தாலோ வற்புறுத்தலாலோ தரப்பட்ட சம்மதம் செல்லாது என்பது 1103-ஆம் சட்டம். மறுக்கவில்லை என்பதை யாரும் சம்மதமாக எழுதிக்கொள்வதில்லை. ஒரு செய்தி மடலைத் திருமணத்தோடு ஒப்பிடுவது சற்று அதிகம்தான். ஆனால் சம்மதம் என்ற சொல்லுக்கு நாம் அங்கே ஒரு பொருளும் இங்கே ஒரு பொருளும் வைத்துக்கொள்ள முடியாது.

நாட்டுச் சட்டமும் இப்போது ஏறக்குறைய இதே பொருளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான பொறுப்புகளை நிறைவேற்ற அன்றிலிருந்து 18 மாத கால அவகாசம் தரப்பட்டது.

இது வணிக நிறுவனங்களுக்கான சட்டம், நமக்கு என்ன என்று இருந்துவிடக் கூடாது. அறப்பணி செய்கிறோம் என்பதற்காக மட்டும் அது நம்மை விலக்கிவிடவில்லை. 'எங்களிடம் இருப்பது பேரேடுதானே' என்றும் சொல்ல முடியாது. காகிதத்தில் வாங்கிய விவரத்தைப் பிறகு கணினியில் ஏற்றினால், அதற்கும் இந்தச் சட்டம் பொருந்தும். எங்கள் இளைஞர் ரசீதுப் புத்தகத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தாரே, அதைப் போன்ற வேலைதான்.

சட்டத்தின் ஆறாம் பிரிவின்படி, சம்மதம் என்பது சுதந்திரமாக, குறிப்பிட்ட நோக்கத்திற்காக, விவரம் அறிந்து, நிபந்தனையின்றி, ஐயத்திற்கு இடமின்றித் தரப்பட வேண்டும். அது ஒரு தெளிவான செயலால் வெளிப்பட வேண்டும். கட்டத்தில் ஒருவர் தம் கையால் குறியிடுவது அப்படிப்பட்ட செயல். நாமே குறியிட்டு வைத்துவிட்டு, வேண்டாதவர்கள் அதை எடுத்துவிடட்டும் என்று விடுவது அப்படிப்பட்டதல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிமுறையும், மௌனமும் முன்கூட்டியே குறியிட்ட கட்டமும் சம்மதமாகாது என்று வெளிப்படையாகவே கூறுகிறது.

சட்டத்தின் ஏழாம் பிரிவில் ஒரு சிறிய எடுத்துக்காட்டு இருக்கிறது. படித்தபோது அந்த அன்பரின் முகம்தான் எங்கள் நினைவுக்கு வந்தது. ஒரு பெண் மருந்துக் கடையில் மருந்து வாங்குகிறார். பணம் பெற்றுக்கொண்டதற்கான ரசீதைத் தம் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி விவரங்களைத் தருகிறார். கடைக்காரர் அந்த ரசீதை அனுப்புவதற்காக அந்த விவரங்களைப் பயன்படுத்தலாம். எடுத்துக்காட்டு அத்தோடு நிற்கிறது. புதுச்சரக்கு வந்திருக்கிறது என்று சொல்ல அல்ல, தீபாவளித் தள்ளுபடியை அறிவிக்க அல்ல. நம் நன்கொடைக்கும் இது பொருந்தும். வருமான வரிச் சலுகைக்காகக் கொடையாளரின் பெயர், முகவரி, பான் எண் ஆகியவற்றைப் பல அறக்கட்டளைகள் வாங்கி வைத்திருக்கின்றன. அவை ரசீதுக்கும் வரித்துறைக்கும் உரியவை. அந்த ஏட்டிலிருந்து வேண்டுகோள் பட்டியலுக்கு ஒரு பெயர் நகர வேண்டுமானால், இடையில் ஒரு கேள்வியும் ஒரு பதிலும் இருக்க வேண்டும்.

கேள்வியை எந்த மொழியில் கேட்பது என்பதையும் சட்டம் மறக்கவில்லை. எளிய சொற்களில், ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படித்துப் பார்க்க வாய்ப்புத் தர வேண்டும். தமிழில் கேட்க வேண்டியதைத் தமிழில் கேட்பது சட்டத்திற்கு முன்பே மரியாதையும்கூட. நம் அமைப்புகளின் படிவங்கள் பலவும் இன்னும் ஆங்கிலத்திலேயே இருப்பது வருத்தமான செய்தி.

இன்னும் இரண்டு கூறுகள் உண்டு. சம்மதம் தந்தவர் எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம். தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அதற்கு ஒப்பாக எளிதாக இருக்க வேண்டும். ஒரு குறியிட்டுச் சேர்ந்தவரை, விலகுவதற்குக் கடிதம் எழுதி அலுவலகத்திற்கு நேரில் வரச் சொல்ல முடியாது. அடுத்தது, சம்மதம் பெற்றோம் என்பதை நிரூபிக்க வேண்டியது நாம்தான். ஆகவே எந்தத் தேதியில், எந்தப் படிவத்தில், எந்தச் சொற்களைப் படித்துவிட்டு அவர் குறியிட்டார் என்பது ஏட்டில் இருக்க வேண்டும். திருமுழுக்குப் பதிவேட்டை நூறு ஆண்டுகள் பத்திரமாகக் காக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய பாரம் இல்லை.

சட்டத்தை மீறினால் அபராதம் எவ்வளவு என்று முதலில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. இது உச்ச வரம்பு. சிறிய அறக்கட்டளைகள் இந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. எங்களைப் பொறுத்தவரை, ஒரு கல்யாணப் பேச்சில் விழுந்த விரிசல் அதைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது.

இங்கிலாந்தில் நடந்ததையும் அறிந்துகொள்வது நல்லது. 2015-இல் அங்கே அறப்பணி நிறுவனங்கள் நன்கொடையாளர்களை மடல்களாலும் தொலைபேசி அழைப்புகளாலும் தொல்லை செய்வதாகப் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. விசாரணையில் வேறு சிலவும் வெளிவந்தன. கொடையாளர்களின் செல்வ நிலையை அவர்கள் அறியாமலே ஆராய்ந்தது, அவர்கள் தராத தொலைபேசி எண்களைத் தேடிப் பிடித்தது, ஒரு நிறுவனத்தின் பட்டியலை மற்றொன்று பயன்படுத்தியது போன்றவை. 2016 டிசம்பரில் அந்நாட்டுத் தகவல் ஆணையர், விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்திற்கு 25,000 பவுண்டும் பிரிட்டிஷ் இதய அறக்கட்டளைக்கு 18,000 பவுண்டும் அபராதம் விதித்தார். 2017 ஏப்ரலில் மேலும் 11 அறப்பணி நிறுவனங்களுக்கு அபராதம் விழுந்தது. கொடையாளர்களுக்கு மேலும் மனவருத்தம் தரக்கூடாது என்பதற்காகவே தொகையைக் குறைத்ததாக ஆணையர் விளக்கினார். அபராதமும் கடைசியில் அவர்கள் கொடுத்த காசிலிருந்துதானே போக வேண்டும்!

அதே கொந்தளிப்பின் நடுவே, கடலில் தத்தளிப்போரைப் படகுகளில் சென்று மீட்கும் ஆர்.என்.எல்.ஐ. என்ற நிறுவனம் வேறு வழியைத் தேர்ந்தது. சரி என்று சொன்னவர்களைத் தவிர வேறு எவருக்கும் 2017 தொடக்கத்திலிருந்து வேண்டுகோள் அனுப்புவதில்லை என்று 2015-லேயே அறிவித்தது. வருமானம் குறையும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது.

எல்லா நாடுகளும் ஒரே கோட்டில் நிற்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தே 2025 ஜூனில் இயற்றிய புதிய சட்டத்தின் மூலம், ஏற்கெனவே ஆதரவு தந்தவர்களுக்கோ ஆர்வம் காட்டியவர்களுக்கோ, தனியே சம்மதம் கேட்காமல் மின்னஞ்சல் அனுப்ப அறப்பணி நிறுவனங்களுக்கு வழி செய்தது. ஆனால் முகவரி வாங்கும்போதே மறுக்கும் வாய்ப்பையும், பிறகு ஒவ்வொரு மடலிலும் விலகும் வாய்ப்பையும் தந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் சட்டம் முன்சம்மதத்தைக் கேட்பதில்லை. வணிக மடல்களில் விலகும் வழியைத்தான் கேட்கிறது. எனவே சட்டம் எங்கே வரை அனுமதிக்கிறது என்று மட்டும் பார்த்தால், நாட்டுக்கு நாடு நம் மனச்சான்றும் மாற வேண்டியிருக்கும்.

மனச்சான்றை விட்டுவிட்டுக் கணக்கு மட்டும் பார்த்தாலும் சம்மதமின்றி அனுப்புவது லாபமில்லை. மடலை விரும்பாதவர் 'ஸ்பேம்' என்று குறித்துவிடுகிறார். இப்படிக் குறிப்பவர்கள் கூடினால், நம் மடலை விரும்பிக் கேட்டவர்களுக்கும் அது குப்பைப் பெட்டிக்குப் போகத் தொடங்கும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், மொத்தமாக மடல் அனுப்புவோர் இந்தப் புகார் விகிதத்தை 0.3 சதவீதத்திற்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. ஆயிரம் மடலில் மூன்று புகார் என்பதுதான் அந்த எல்லை. ஒரு நாளில் 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர், ஒரே சொடுக்கில் விலகும் வசதியையும் செய்தி மடல்களில் தர வேண்டும்.

இவ்வளவும் சொன்னபோது இல்லத்தின் பொறுப்புச் சகோதரி அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எல்லாம் சரி சாமி, அரிசிக்கு யார் பொறுப்பு?" என்றார். இதைவிட நியாயமான எதிர்ப்பு இல்லை. அவருக்கு நாற்பது பேருக்குச் சமைத்தாக வேண்டும். கேட்டுவிட்டு அனுப்பினால் பட்டியல் சிறுக்கும், சிறுத்தால் வரவு குறையும். நாங்கள் இதற்கு அழகான பதில் எதையும் சொல்லவில்லை. குறையும் என்றே ஒத்துக்கொண்டோம்.

பிறகு செய்தது இது. ஜூபிலிப் பதிவிலிருந்தும் மறைக்கல்விப் பட்டியலிலிருந்தும் வந்த முகவரிகளை அன்றே நீக்கினோம். அவர்கள் இல்லத்தோடு எந்தத் தொடர்பும் கொண்டவர்கள் அல்லர். பிள்ளைகளின் பெயர்களும் அதில் இருந்தன. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரின் விவரங்களுக்குப் பெற்றோரின் சம்மதம் தேவை என்று இந்தியச் சட்டம் தனியாகவே கூறுகிறது. மற்றவர்களுக்குத் தனித்தனியாக ஒரே ஒரு மடல் எழுதினோம். நடந்த தவற்றுக்கு மன்னிப்புக் கேட்டோம். இனி மடல் வேண்டுமா என்று கேட்டோம். பதில் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்றும் எழுதினோம். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே வேண்டும் என்று எழுதினார்கள். மற்ற பெயர்களை எடுத்துவிட்டோம். நினைவூட்டல் மடல் அனுப்பலாமே என்று இளைஞர் கேட்டார். கேட்டதற்குப் பதில் சொல்லாதவரை மறுபடி தட்டுவது எப்போது தொல்லையாகிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதனால் ஒருமுறையோடு நிறுத்தினோம்.

நன்கொடைப் படிவத்தின் அடியில் இப்போது வெறுமையான கட்டங்கள் இருக்கின்றன. ஒன்றின் அருகே, 'இல்லத்தின் செய்தி மடலை மூன்று மாதத்திற்கு ஒருமுறை மின்னஞ்சலில் பெற விரும்புகிறேன்' என்றிருக்கும். மற்றொன்றின் அருகே, 'நிதியுதவி வேண்டுகோள்களை ஆண்டுக்கு இருமுறைக்கு மேற்படாமல் அனுப்பலாம்' என்றிருக்கும். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கவில்லை. செய்தியை விரும்புகிறவர் எல்லாரும் வேண்டுகோளை விரும்புவதில்லை. கீழே, 'எதிலும் குறியிடாவிட்டாலும் உங்கள் ரசீது தவறாமல் வரும். உங்கள் முகவரியை வேறு எவருக்கும் தரமாட்டோம்' என்று எழுதியிருக்கிறோம். குறியிட்டவருக்கு முதலில் ஓர் உறுதிப்படுத்தல் மடல் போகும். அதிலுள்ள இணைப்பைச் சொடுக்கினால்தான் பட்டியலில் பெயர் சேரும். ஓர் எழுத்துப் பிழையால் அடுத்தவர் பெட்டிக்குப் போவதை இது தடுக்கிறது. வீட்டில் ஒருவர் மற்றொருவருக்காகக் குறியிட்டுவிடுவதையும் தடுக்கிறது.

மற்ற பங்குகளின் குழுக்கள் 'உங்கள் பட்டியலைக் கொஞ்சம் கொடுங்களேன்' என்று கேட்பதுண்டு. நல்ல நோக்கத்தோடுதான் கேட்கிறார்கள். மறுப்பது சங்கடம்தான், ஆனாலும் மறுக்கிறோம். வேண்டுமானால் அவர்களுடைய வேண்டுகோளை நம் மடலில் ஒரு பத்தியாகச் சேர்க்க முடியும். முகவரிகள் இடம் மாற வேண்டியதில்லை. இறந்துபோன கொடையாளரின் பெயரை எடுக்கவும் ஓர் ஒழுங்கு வேண்டும். கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்த பெண்ணின் கணினியில், அவர் பெயரைச் சொல்லி 'இந்த ஆண்டும் உங்கள் ஆதரவை எதிர்பார்க்கிறோம்' என்ற மடல் வந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். அடக்கத் திருப்பலி முடிந்ததும் அந்தப் பெயரைப் பட்டியலில் தேடிப் பார்க்கும் வழக்கத்தை எங்கள் உபதேசியார் தாமாகவே தொடங்கினார். நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு வரவு குறைந்தது உண்மை. சகோதரி கணக்கைக் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. அன்பியங்களில் பேசி அரிசியாகவும் பருப்பாகவும் திரட்டினோம். அதற்கு மின்னஞ்சல் தேவைப்படவில்லை, நடக்க வேண்டியிருந்தது. மடல் வேண்டும் என்று எழுதியவர்களில் பலர் பதில் எழுதுகிறார்கள், இல்லத்தைப் பார்க்க வருகிறார்கள். பழைய பெரிய பட்டியலில் அப்படி ஒருவரும் வந்ததாக நினைவில்லை. இழந்ததை இது ஈடுசெய்துவிட்டது என்று சொல்ல நாங்கள் தயாராக இல்லை.

அந்தத் திருமணம் கொஞ்சம் தாமதமாக நடந்தது. பெண் வீட்டாரோடு பேச எங்களையும் அழைத்தார்கள், போனோம். தம்பி தாமே தம் வாயால் நடந்ததைச் சொன்னார். அண்ணன் இன்றும் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். படிவத்தில் எந்தக் கட்டத்திலும் அவர் குறியிட்டதில்லை. அவருக்கு ரசீது மட்டும் போகிறது.